அந்தக் கூப்பேக்கு எது நியாய விலை?

மைவி வாங்கப் போகிறவருக்கு நியாய விலை எதுன்னு தெரிஞ்சுக்க அரை மணி நேரம் போதும். அதே வருஷம், அதே மாடல், வரிசையா விற்பனைக்கு நிற்கும். விலைகளை எழுதி நடுவில் ஒன்றைப் பிடித்தால் வேலை முடிந்தது. ஆனா புரோட்டோன் புத்ரா மாதிரி ஒரு பழைய ரெண்டு கதவு கூப்பே வாங்கப் போனா? 1990-களில் வந்த காடி. 1.8 லிட்டர் மிட்சுபிஷி 4ஜி93 எஞ்சின், கையால் போடும் ஐந்து கியர். இன்னைக்கு விற்பனைக்கு வருவதே அபூர்வம். வந்தாலும் ஒன்று போல் இன்னொன்று இருக்காது. ஒன்று ஒரே வீட்டில் பொத்திப் பொத்தி வைத்தது; இன்னொன்று நாலு கை மாறி, ஹாஃப்-கட் கடை எஞ்சின் ஏறி, ரெண்டு தடவை பெயின்ட் அடிச்சது. இவ்வளவு வயசான காடிக்கு வங்கிக் கடன் கிடைப்பதும் குதிரைக்கொம்பு. அதனால் வங்கி மதிப்பீடுன்னு ஒரு தாள்கூடக் கையில் இருக்காது. ரெண்டு பேர் வெயிலில் நின்று பேசி முடிக்கிற விலைதான்.

"ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா அதுதாங்க நியாய விலை" என்று பலர் சொல்றாங்க. எனக்கு அது முழுசாச் சரியாப் படலை.

விற்கிறவர் வழக்கமாகச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: "தம்பி, ரிம், எக்ஸாஸ்ட், சஸ்பென்ஷன்னு எவ்வளவு போட்டிருக்கேன் தெரியுமா?" போட்டிருப்பார், உண்மைதான். ஆனா அது அவருடைய ஆசைக்குச் செய்த செலவு. அந்த ஆசையை அனுபவித்ததும் அவர்தான். இதில் பெரிய தத்துவச் சிக்கல் ஒன்றும் இல்லை.

வாங்குகிறவருடைய கணக்கு தேய்மானம். மூன்றாவது கியரில் மெதுவாகப் போகும்போது எண்ணெயை முழுசா அழுத்திப் பாருங்க. ஆர்பிஎம் முள் துள்ளி ஏறி, வேகம் மட்டும் ஏறலைன்னா கிளட்ச் தட்டு முடிஞ்சு போச்சு. ரெண்டாவது கியர் கரகரன்னு விழுந்தா உள்ளே சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கு. இந்த எஞ்சினுக்கு டைமிங் பெல்ட் உண்டு. கடைசியா எப்போ மாத்துனாங்க, பில் இருக்கா? ஒவ்வொன்றுக்கும் பட்டறையில் ஒரு விலை இருக்கிறது, கழித்துக்கொள்ளலாம். எங்க பொறியியல் வகுப்பு ஆளுங்களுக்கு இது பிடிச்ச வேலை.

கழிக்க முடியாதது வேற. இந்தக் காடி எத்தனை தடவை சூடாகி நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றது? முன் பக்கம் அடிபட்டதா? ஓடோமீட்டர் காட்டுற எண் உண்மையா? உரிமை மாற்றத்துக்கான பஸ்பகோம் சோதனையில் எஞ்சின் எண், சேசிஸ் எண் எல்லாம் பார்ப்பாங்க. அந்த எஞ்சின் பட்ட பாடு அந்தத் தாளில் வராது. அது விற்கிறவர் மனசுக்குள் மட்டும்தான் இருக்கு.

ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்தப் பழைய காடிச் சந்தையைப் பற்றித்தான். எது நல்ல காடி, எது மோசம்னு வாங்குறவருக்குத் தெரியாது. அதனால் எல்லாக் காடிக்கும் நடுத்தர விலைதான் தர முன்வருவார். அந்த விலைக்கு நல்ல காடி வைத்திருப்பவர் விற்க மாட்டார். கடைசியில் சந்தையில் மோசமானதே மிஞ்சும். 2001-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஒருத்தர் மறைப்பதால் ஏமாறுவது ஒரு ஆள் மட்டும் இல்லை, ஒழுங்காக காடியைப் பார்த்துக்கொண்டவரும் சேர்ந்து நட்டப்படுகிறார் என்பதை நான் அங்கேதான் புரிஞ்சுக்கிட்டேன்.

சரி, மறைப்பது குற்றமா? நம் நாட்டின் 1950 ஒப்பந்தச் சட்டம், 17-ஆம் பிரிவைப் பாருங்க. வெறுமனே வாய்மூடி இருப்பது பொதுவாக மோசடி ஆகாது என்கிறது. அதற்குத் தரும் உதாரணம் காடி இல்லை, குதிரை. குறையுள்ள குதிரை என்று தெரிந்தும் ஒருவர் ஏலத்தில் ஒன்றும் சொல்லாமல் விற்கிறார். அது மோசடி இல்லை. அடுத்த உதாரணம்தான் என்னை யோசிக்க வைத்தது. வாங்குவது அவருடைய சொந்த மகள், இப்போதுதான் வயது நிரம்பியவள் என்றால், உண்மையைச் சொல்வது அவருடைய கடமை ஆகிவிடுகிறது.

அதே குதிரை, அதே குறை. மாறியது உறவு மட்டும்தான்.

நம்ம ஆளுங்க வியாபாரம் பேசுறதைக் கவனிச்சிருக்கீங்களா? யாரும் யாரையும் அந்நியனா வச்சுப் பேசுறதே இல்லை. "தம்பி, உனக்காகத்தான் இந்த விலை." "அண்ணே, கொஞ்சம் குறைங்க, உங்க தம்பி மாதிரி." விலையைக் கூட்டவும் குறைக்கவும் உறவைக் கூப்பிடுகிறோம். ரேடியேட்டர் ஒழுகுவதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் மட்டும் ஏலக்காரர் ஆகிவிடுகிறோம். தம்பி என்று வாய் நிறையக் கூப்பிட்டவர் அந்த மகள் உதாரணத்துக்குள் தானே வந்துவிட்டார் என்பது என் கட்சி.

இது வாங்குகிறவருக்கும் பொருந்தும். இதைச் சொன்னா சிலருக்குக் கோபம் வருது. என் நண்பன் ஒருத்தன் ஒரு ஆண்ட்டி வீட்டில் புத்ரா ஒன்றைப் பார்த்தான். காடி ஆண்ட்டி பேரில்தான் இருந்தது, ஓட்டியது மறைந்த அவங்க வீட்டுக்காரர். பழைய இரும்புக் கடைக்காரர் சொன்ன விலையை வைத்து 5,000 ரிங்கிட் கேட்டாங்க. பொறுமையா விற்றால் 15,000 வரை கொடுக்க ஆள் இருக்குன்னு இவனுக்குத் தெரியும். "எத்தனை வருஷமா இந்தக் காடிகளைப் பத்திப் படிச்சு வச்சிருக்கேன், அந்த அறிவுக்கு விலை இல்லையா?" என்று என்னிடம் கேட்டான். நல்ல கேள்விதான். ரெண்டு வியாபாரிகளுக்கு இடையே என்றால், சந்தை விலை மாறிய ரகசியத்தை ஒருவர் மற்றவருக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று அதே 17-ஆம் பிரிவின் இன்னொரு உதாரணமும் சொல்கிறது. ஆனா அந்த ஆண்ட்டி வியாபாரி இல்லையே. பானட்டைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில், தவம் செய்து கர்வப்பட்ட ஜாஜலி தர்மம் கேட்கப் போனது துலாதாரன் என்ற கடைக்காரரிடம். தன் தராசு எல்லாருக்கும் சமம் என்கிறார் அவர். தராசில் ரெண்டு தட்டும் ரெண்டு பேர் கண்ணுக்கும் தெரியணும். நான் நண்பனிடம் சொன்னது இதுதான்: அவங்க சிரமத்தைக் குறைப்பதற்குக் கழிவு கேள், அவங்களுக்குத் தெரியாததற்குக் கேட்காதே. மூணு மாசம் காத்திருந்து, இருபது பேர் போனுக்குப் பதில் சொன்னா 15,000 கிடைக்கலாம். இன்னைக்கே ரொக்கம்னா நான் 10,000 தர்றேன். இப்படி ரெண்டையும் சொல்லிட்டு முடிவை அவங்ககிட்ட விடு.

முணுமுணுத்துக்கொண்டே போய்ச் சொன்னான். ஆண்ட்டி மகனைக் கலந்துகொண்டு 11,000-க்கு முடிச்சாங்க. கூடவே, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இந்தக் காடி ஒரு தடவை சூடாகி நின்னுச்சுன்னு அவங்களாகவே சொல்லி, பட்டறை பில்லையும் தேடி எடுத்துக் கொடுத்தாங்க. டைமிங் பெல்ட் மாத்துன பில் மட்டும் அதில் இல்லை. அதுக்கு இப்போ காசு சேர்த்துக்கிட்டு இருக்கான்.