சம்பங்கித் தூரைப் பிரிக்கும்போது

சித்திரை பிறந்ததும் சம்பங்கிக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டேன். இலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகி வருகின்றன. பார்க்க நன்றாக இல்லைதான். ஆனாலும் நறுக்கக் கூடாது. இலையில் மிச்சமுள்ள சத்து கிழங்குக்குள் இறங்கி முடிய வேண்டும்.

*

3 வருடம் கிளறாத தூர். முதல் வருடம் தண்டுகள் இடுப்பளவு நின்றன. இப்போது இலை மட்டும் கோரையாக மண்டிக்கிடக்கிறது, பூ அருகிவிட்டது. இந்த நிலையில் எருவைக் கொட்டிப் பயனில்லை. கிழங்குகளுக்கு இடம் போதவில்லை.

*

களைக்கொத்தியை ஒரு சாண் தள்ளிப் போட்டு நெம்பினால் தூர் மொத்தமாக வந்துவிடும். மண்ணை உதறிப் பார்த்தேன். நடுவே தாய்க்கிழங்கு, அதன் தலையில் காய்ந்துபோன தண்டின் அடிக்கட்டை. சுற்றிலும் பூண்டுப் பற்களைப் போல ஒட்டிக்கொண்டு பக்கக் கிழங்குகள். பழுப்புத் தோலை உரித்தால் உள்ளே ஈரமான வெள்ளை. முற்றியது கட்டைவிரல் பட்டாலே கழன்றுவிடும். கழலாததைப் பிய்க்க மாட்டேன், காயம்பட்ட அடி அழுகும்.

சம்பங்கிக் கிழங்கு ஒருமுறைதான் பூக்கும். நடுக்குருத்தே பூந்தண்டாக எழுந்துவிடுவதால் அதற்குள் மறுபடி பூக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. அடுத்த பூ பக்கக் கிழங்கின் பொறுப்பு. ஒவ்வொரு முறையும் தெரிந்தே தோண்டுகிறேன், ஆனாலும் அந்த அடிக்கட்டையைக் கண்டதும் கை சற்று நின்றுவிடுகிறது.

*

25, 30 கிராம் உள்ளவை தனியே. நட்டால் இந்த வருடமே பூக்கும். பொடிக் கிழங்குகளை வேறு பாத்தியில் போட்டு வளரவிட வேண்டும். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு வந்திருக்கிறது என்று பொருள். அதை நடவும் கூடாது, அடுத்தவருக்குக் கொடுக்கவும் கூடாது.

நல்லவை நிழலில் ஒரு மாதம் பரப்பிக் கிடக்கட்டும்.

*

இந்தச் செடியின் பூர்விகம் மெக்சிகோ. அங்கேயும் இன்று காட்டில் தானாக முளைத்து நிற்கும் சம்பங்கி கிடையாது. தோட்டத்தில் மட்டுமே வாழ்கிறது. சத்தியமங்கலத்து வயல்களில் விடியுமுன் கூடை கூடையாகப் பறிக்கிறார்களே, அந்தச் செடியும் என் பாத்தியில் நிற்பதும் யாரோ தோண்டி, பிரித்து, இன்னொருவர் கையில் கொடுத்து வந்தவைதான். எத்தனை பேர் கை மாறியதோ! எல்லாவற்றையும் நானே வைத்துக்கொள்ள மனம் வருவதில்லை.

*

ஆடியில் நடவு. ஒரு சாண் இடைவெளி, ஒன்றிரண்டு விரல் ஆழம், தண்ணீர் தேங்காத மண். சுற்றிலும் துலுக்கச் சாமந்தி வைத்தால் நூற்புழு குறையும். மூன்று மாதத்தில் தண்டு எழும்.

உங்கள் தொட்டியிலும் பூ குறைந்திருந்தால் கடைக்குப் போய் உரம் வாங்குமுன் ஒருமுறை தோண்டிப் பாருங்கள். மிஞ்சும் கிழங்கை, ஒற்றையடுக்கா இரட்டையடுக்கா என்று சொல்லி, ஆடிக்கு முன்பே பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள்.