மூடியைத் திற, தம்பி!

கொச்சி கலூரில் ஜூன் மழை பிடித்துவிட்டால் போர்டிகோவில் நிற்கும் பழைய அம்பாசிடர் முரண்டு பிடிக்கும். சோக்கை இழுத்தால் இருமும், ஐட்லிங்கில் நிலைக்காது. "கார்புரேட்டர் போச்சு, ஸ்பேர் கிடைக்காது, எடைக்குப் போட்டுடுங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போவார். தம்பி, அப்படிச் சொன்னவர் கார்புரேட்டர் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை! அவர் பேச்சை நம்பியா தாத்தா ஓட்டிய வண்டியைக் கைவிடப் போகிறாய்?

பானெட்டைத் தூக்கு. பேட்டரி ஒயரை எடுத்துவிட்டு ஏர் கிளீனரைக் கழற்று. பல வருடப் பிசுக்கை மண்ணெண்ணெய் தொட்டுத் துடை. கார்புரேட்டர் உடம்பிலேயே எழுத்து வார்த்திருக்கும். சோலெக்ஸ் என்று கம்பெனிப் பெயர் இருந்து, கூடவே 32 என்று தெரிந்தால், அது த்ராட்டில் துளையின் விட்டம், மில்லிமீட்டரில். பெட்ரோல் வரும் மெயின் ஜெட்டில் 120 என்று பொறித்திருந்தால் துளை 1.20 மில்லிமீட்டர். இதில் ரகசியம் எதுவும் இல்லை. படிக்கத் தெரிந்த எவருக்கும் அது தன் பெயரைச் சொல்கிறது.

கோவைப் பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடுவை நினைத்துப் பார். பள்ளிப் படிப்பையே பாதியில் விட்டவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிள் கண்ணில் பட்டது. ஹோட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதை வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? அக்கக்காகப் பிரித்தார், திரும்பப் பூட்டினார்! யந்திரம் அவருக்கு அப்படித்தான் வசப்பட்டது. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ் விட்டவர், பிறகு தென்னாட்டின் பெரிய பஸ் முதலாளிகளில் ஒருவரானார். எந்தச் சான்றிதழைக் காட்டி அவர் ஸ்பேனரைத் தொட்டார்?

நீயும் தொடு. கழற்றும் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்துக்கொள். ஜெட்டுக்குள் கம்பி விடாதே. துளை மயிரிழை பெருத்தாலும் கணக்குக் கெடும். காற்றால் ஊது. பித்தளை ஃப்ளோட்டைச் சுடுதண்ணீரில் முக்கு. குமிழி வரும் இடத்தில் ஓட்டை. அடி ஃபிளான்ஜைக் கண்ணாடி மேல் வை. ஆடினால் வளைந்திருக்கிறது, எமரி தாளில் தேய்த்துச் சமன் செய். த்ராட்டில் ஷாஃப்டை அசைத்துப் பார். பலர் தோற்பது இங்கேதான். ஜெட்டை மாற்றி மாற்றிச் சலிப்பார்கள். தேய்ந்த ஷாஃப்ட் வழியே காற்று திருட்டுத்தனமாக நுழைந்துகொண்டே இருக்கும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று, எடைக் கணக்கில். அழையாத காற்று வந்தால் இஞ்சின் எப்படி நிதானமாக ஓடும்? லேத்தில் கொடுத்துப் பித்தளை புஷ் போடு.

கொச்சிக் காற்றில் ஈரம் அதிகம். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைத் தின்னும். ஆகவே டயஃப்ரம், கேஸ்கெட் எல்லாம் புதிதாகப் போடு. கஞ்சம் பார்க்காதே.

பூட்டியாயிற்றா? மிக்சர் ஸ்குரூவை மெல்ல உட்காரும்வரை திருகி, ஒன்றரைச் சுற்றுப் பின்வாங்கு. ஸ்டார்ட் செய். முதல் தடவையே சரியாக வராமல் போகலாம். மறுபடி பிரி, மறுபடி பூட்டு! காதைக் கொடுத்துக் கேட்டபடி கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பு. சத்தம் சீராகும் இடத்தில் கையை எடு. அதற்குள் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் திறக்கச் சொல்லி விரல் பரபரக்கும். திற!