விழத் தெரியுமா?

கடைசியாக நீங்கள் எப்போது விழுந்தீர்கள்? நாற்பதைத் தாண்டினால் நாம் விழுவதில்லை. விழக்கூடிய இடத்துக்கே போவதில்லை, அவ்வளவுதான்!

முசிறிக் காவிரியில் தலைகீழாகக் குதித்து வளர்ந்தவன் நான். அந்தத் தெம்பில், சென்னையை அடுத்த கோவளத்துக்கு அலைச்சறுக்குப் பழகப் போனேன். மூர்த்தி மேகவன் என்ற மீனவர் 2012-ல் அதற்கெனப் பள்ளி தொடங்கிய ஊர்.

'நீச்சல் தெரியும் தம்பி' என்றேன்.

'முதல்ல விழக் கத்துக்குங்க சார். தலைகீழா வேணாம், ஆழம் கம்மி. தட்டையா விழுங்க' என்றான் மகன் வயதுப் பையன்.

பலகையில் எழுந்தேன், விழுந்தேன். பத்து தடவை! ஒவ்வொரு தடவையும் கரையில் யார் சிரிக்கிறார்கள் என்று தேடினேன். ஒருத்தரும் பார்க்கவில்லை.

'தப்பானா என்ன, திரும்பச் செய்' என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். நாமோ தெரிந்ததை மட்டுமே செய்து கெட்டிக்காரர்களாக வலம் வருகிறோம். அது திறமையா, பயமா?