வெளியே தள்ளப்படும் வெக்கை

சாங்கி விமான நிலையத்துக்குள் அம்மா முந்தானையைப் போர்த்திக்கொண்டே நடந்தாள். "ஊட்டி மாதிரில்ல இருக்கு!" கண்ணாடிக் கதவு திறந்ததும் ஈர வெக்கை முகத்தில் அடித்தது. நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 137 கிலோமீட்டரில் உள்ள சிங்கப்பூரின் இயல்பு அதுதான்.

1959இல் பிரதமரானதும் அரசு ஊழியர்களின் கட்டடங்களில் ஏசி பொருத்தியதே தன் முதல் காரியம் என்று லீ குவான் யூ பின்னாளில் சொன்னார். புழுக்கத்தில் வேலை ஓடாது என்பது அவர் கணக்கு. நியாயம்தான். ஆனால் ஏசி வெப்பத்தை அழிப்பதில்லை. உள்ளே இருப்பதை அள்ளி, தான் தின்னும் மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்து வெளியே கொட்டுகிறது. அப்போ வெளியே நிற்பது யார்?

டாக்ஸிக்கு முன்னால் போன லாரியின் திறந்த பின்பகுதியில் தொழிலாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இந்த ஊரைக் கட்டுகிறவர்களில் தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள் நிறைய.

"நாம ஏசியை நிறுத்திட்டா அவங்களுக்கு வெயில் குறையுமா?" என்றாள் தங்கை. குறையாது. அப்பாவின் வயசுக்கு அந்தக் குளிர் தேவையும்கூட. நாம் வியர்ப்பதால் யாருக்கும் நிழல் கிடைக்காது. அது நம் மனசாட்சிக்கு நாமே போடும் ஏசி.

வேறொன்று பலன் தரும். 2023 முதல் அங்கே ஒரு விதி: வெயில், ஈரப்பதம், காற்று எல்லாம் சேர்த்து அளக்கும் வெப்ப அழுத்தக் குறியீடு 32 டிகிரியைத் தொட்டால், வெளியில் கடும் உடலுழைப்பு செய்பவர்களுக்கு மணிக்கு குறைந்தது 10 நிமிட ஓய்வு தர வேண்டும். 10 நிமிடம் ரொம்பக் கம்மி. ஆனாலும் அது யாரோ இரங்கிக் கொடுப்பதல்ல, கேட்டு வாங்கக்கூடியது. அதை 15, 20 என்று நீட்டச் சொல்வதுதான் குளிரில் உட்கார்ந்திருப்பவர்களின் கடமை.