விடை தராத கனவு

சீடர்: மீயதார்த்தப் படங்களையும் தொடர்களையும் பாதியில் விடவும் முடிவதில்லை; பார்த்து முடித்தபின் எரிச்சலும் அடங்குவதில்லை. இது எதனால், ஐயா?

ஆசிரியர்: இரண்டுக்கும் ஊற்று ஒன்றே. கனவுக்குள் இருக்கும்வரை யாரும் காரணம் கேட்பதில்லை. விழித்தபின்தான் பொருள் தேடுகிறோம். இத்தகைய படமோ விழித்திருப்பவரையே கனவுக்குள் இறக்குகிறது. கண் மயங்கிக் கிடக்க, அறிவு காரணம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

சீடர்: அப்படியானால் எல்லாப் படமும் ஒரேபோல் எரிச்சலூட்ட வேண்டுமே?

ஆசிரியர்: இல்லை, அது படம் தரும் உறுதியைப் பொறுத்தது. லூயி புனுவேலும் சால்வதோர் தாலியும் 1929-இல் உருவாக்கிய 'ஆண்டலூசிய நாய்' அவர்கள் கண்ட கனவுகளிலிருந்து பிறந்தது. காரணம் சொல்லி விளக்கக்கூடிய காட்சி எதுவும் வேண்டாம் என்பதே அவர்கள் வகுத்துக்கொண்ட விதி. அரைமணி நேரம்கூட ஓடாத அந்தப் படம் யாருக்கும் எந்த உறுதியும் தரவில்லை. 'ட்வின் பீக்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடர் தந்தது. 1990 ஏப்ரலில் அமெரிக்காவின் ஏபிசி அலைவரிசையில் அது துப்பறியும் கதையாகத் தொடங்கியது. லாரா பாமர் என்ற மாணவியின் சடலம் கரையொதுங்குகிறது, கொன்றது யார்? பொறுத்திருந்தால் விடை கிடைக்கும் என்பது துப்பறியும் கதையின் எழுதாத ஒப்பந்தம். ஆனால் துப்பறிய வந்த கூப்பரின் கனவில் சிவப்புத் திரை அறை ஒன்று வருகிறது. அங்கே நடிகர்கள் வசனத்தைத் தலைகீழாக உச்சரிக்க, பதிவான ஒலியைத் திருப்பி ஓட்டினார்கள். சொற்கள் காதில் விழுகின்றன. குரல் மட்டும் மனிதக் குரலாக இல்லை. ஈர்ப்பும் தவிப்பும் அந்த ஒரே குரலில் இருக்கின்றன.

சீடர்: விடையைச் சொல்லிவிட்டால் தவிப்பு தீருமல்லவா?

ஆசிரியர்: சொல்லிப் பார்த்தார்கள். அலைவரிசை வற்புறுத்தியதால் 1990 நவம்பரில் கொலையாளி யாரென்று காட்டப்பட்டது. ஏற்கெனவே சரிந்துவந்த பார்வையாளர் எண்ணிக்கை மேலும் சரிந்தது. 1991 ஜூனில் தொடர் நின்றது. பொன்முட்டையிடும் வாத்தைக் கொன்றுவிட்டதாகவே தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் லிஞ்ச் பின்னாளில் வருந்தினார்.

சீடர்: புரியாதபடி எடுப்பதெல்லாம் கலையாகிவிடுமா?

ஆசிரியர்: ஒருபோதும் ஆகாது. லிஞ்சின் 'மல்ஹாலண்ட் டிரைவ்' (2001) படத்தில் ஓர் இரவு அரங்கு வருகிறது. இங்கே இசைக்குழு இல்லை, எல்லாம் ஒலிப்பதிவு என்று முதலிலேயே அறிவித்துவிடுகிறார்கள். பாடகி மயங்கி விழுந்தபின்னும் பாட்டு தொடர்கிறது. ஆனால் அதற்குள் கேட்டுக்கொண்டிருந்த இரு பெண்களும் அழுதுவிட்டார்கள். அந்த அழுகைக்கு உரை வேண்டியதில்லை. இப்படி நெஞ்சைத் தொடும் ஒன்றும் இல்லாமல் புதிர்களை மட்டும் அடுக்கும் தொடர்மீது பார்வையாளர் கோபப்படுவது நியாயமே.

சீடர்: 2017-இல் புதிதாக வந்த 18 பகுதிகளாவது 'ட்வின் பீக்ஸ்' முடிச்சை அவிழ்த்தனவா?

ஆசிரியர்: கடைசிக் காட்சியில் கூப்பர் தெருவில் நின்று இது எந்த ஆண்டு என்று கேட்கிறார். அருகில் நிற்கும் பெண் அலறுகிறாள். எதிர்வீட்டு விளக்குகள் அணைகின்றன. தொடர் அங்கே முடிகிறது.