மந்தமும் அருள்தான்

இறைவனின் அருள் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றால், அது ஒருவரிடம் சட்டென்று பதிவதும் இன்னொருவரிடம் ஆயுள் முழுக்க ஊர்ந்து வருவதும் ஏன்? சைவ சித்தாந்தம் படிக்கத் தொடங்கிய நாள்முதல் என்னை விடாத கேள்வி இது. திருவருள் உயிரில் பதிவதைச் சத்திநிபாதம் என்கிறோம். மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்று அதை நான்காக வகுத்திருக்கிறார்கள். என் அம்மா சாத்திரம் எதுவும் படித்தவரல்ல. விளக்கேற்றினார், பூக்கட்டினார், கோயில் கூட்டினார். கோயில் தொண்டாகிய சரியையோடு நின்ற அவரை, நான்கில் மிக மெதுவான மந்ததரம் என்று எழுதிவைக்க என் மனம் ஒப்பவில்லை.

வெள்ளவத்தை வீட்டின் பின்னறையில் நான் வைத்திருக்கும் சிறிய மில்லிங் மெஷின்தான் இதை யோசிக்க எனக்கு ஒரு வழி காட்டியது. முன்பு அதில் வேகம் மாற்றப் பெல்ட்டைக் கழற்றி, நான்கு படிப் புல்லியில் இடம் மாற்ற வேண்டும். இப்போது மூன்று பேஸ் மோட்டார் ஒன்றைப் பூட்டி, அதன் ஸ்டார் இணைப்பை டெல்டாவாக்கி, மீடிறனை மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி ஒன்றோடு இணைத்திருக்கிறேன். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஒற்றைப் பேஸை அது நேரோட்டமாக்கி, மறுபடி மூன்று பேஸாகத் தருகிறது. 50 ஹேர்ட்ஸில் மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1440 சுற்று ஓடும். 25 ஹேர்ட்ஸில் அதில் பாதி.

மீடிறனைக் குறைக்கும்போது வோல்ட்டையும் அதே விகிதத்தில் குறைப்பதால், பாதி வேகத்திலும் முறுக்குவிசை ஏறத்தாழ முழுதாகவே நிற்கிறது. 50ஐத் தாண்டினால்தான் வேகம் ஏற ஏற அது தேயும். மெதுவாக ஓடுவது பலவீனம் என்ற எண்ணம் அங்கேயே என்னைவிட்டுப் போயிற்று.

வேகத்தைத் தீர்மானிப்பதும் என் ஆசையல்ல. 12 மில்லிமீற்றர் கட்டரால் மென்னுருக்கை நிமிடத்துக்கு 25 மீற்றர் வீதம் வெட்ட, 660 சுற்றுப் போதும். அலுமினியம் அதைப்போலப் பல மடங்கு தாங்கும். அலுமினியத்துக்குரிய வேகத்தை உருக்குக்குக் கொடுத்தால் கட்டரின் கூர் கருகிவிடும். அதுபோலச் சத்திநிபாதத்தின் நான்கு நிலைகளும் உயிரின் பக்குவத்தைக் குறிப்பவை. ஆண்டவன் காட்டும் அன்பின் அளவைக் குறிப்பவை அல்ல. மெதுவாக வந்தது குறைவாக வந்தது என்று ஆகாது.

ஆனால் உலோகத்தை அரத்தால் உரசிப் பார்த்து இன்னதென்று நான் சொல்லலாம். இன்னொருவரின் உயிரை அப்படிச் சோதிக்க எனக்குக் கருவியும் இல்லை, உரிமையும் இல்லை. உயிரோ நாளுக்கு நாள் முதிர்வது. அந்த நான்கு பெயர்களை எடுத்து அயலாரைத் தரம் பிரிப்பது, சாத்திரத்தைத் தலைகீழாகப் பிடிப்பது.

நமக்கு உரிய வேலை வேறு. மோட்டார் மெதுவாகச் சுற்றும்போது அதன் சொந்த விசிறியும் மெதுவாகி, மோட்டார் சூடேறும். அதற்காகவே வெளியில் தனி விசிறி பூட்டினேன். சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் அடியாரோடு கூடியிருக்கவும் ஆலயத்தை வழிபடவும் சொல்வதை இப்போது அந்த வெளி விசிறியைப் போலத்தான் விளங்கிக்கொள்கிறேன். பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லில் மீள எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயிலுக்கு, கொட்டாஞ்சேனைப் பக்கம் போகும்போதெல்லாம் போகிறேன். மண்டபத்தில் மாலை தொடுக்கும் முதியவர்களோடு சிறிது நேரம் இருந்து நாரும் பூவும் எடுத்துக் கொடுக்கிறேன். அவர்கள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று கணிப்பதை விட்டுவிட்டேன். ஆறுதலாகப் போகிறவர் வழியில் களைத்துவிடாமல் துணை நிற்பதே சித்தாந்தம் படித்தவனுக்குக் கடன்.