மறதிக்குச் சாதி உண்டா?

எங்க அப்பாயிக்கு எண்பது வயசுக்கு மேல இருக்கும். சரியான வயசு தெரியாது. பிறந்த தேதியை எழுதி வைக்க அன்று அந்த வீட்டில் எழுத்து தெரிந்தவர் ஒருவரும் இல்லை. திருக்கோகர்ணத்தில் எங்களோடுதான் இருக்கிறது. நாலு வருசமாக ஒவ்வொன்றாய் மறந்துகொண்டு வருகிறது. முதலில் அடுப்பில் வைத்த உலை. பிறகு வீட்டுக்கு வரும் வழி. இப்போது என் பெயர்.

ஒன்று மட்டும் மறக்கவில்லை. ரோட்டில் வெள்ளை வேட்டிக்காரர் யாராவது எதிரே வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாய் ஒதுங்கி நிற்கும். பிறந்த ஊரில், ஊர்த்தெருவைக் கடக்கும்போது சின்னப் பிள்ளையில் பழக்கப்பட்டது அது. "மாட்டிக்க அப்பாயி, இது நம்ம வீட்டு ரோடு" என்றால் "சும்மா இருடா, அடிப்பாங்க" என்கிறது. பெற்ற மகன் முகத்தை மறந்துவிட்டது. அடித்தவனை மறக்க முடியவில்லை.

"வயசானா அப்படித்தான், விதி" என்கிறார்கள். விதி என்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரி வரவேண்டாமா? நாடு தழுவிய ஆய்வு ஒன்றின் முடிவு 2023இல் வெளியானது. இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்சியா எனும் மறதி நோய் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். படிப்பில்லாதவர்களுக்கு அதிகம். பெண்கள் கூடுதல் காலம் உயிர் வாழ்வது ஒரு காரணம். பள்ளிக்கூடத்துப் பக்கம் விடப்படாதது இன்னொரு காரணம்.

லான்செட் மருத்துவ இதழின் அறிஞர் குழு 2024இல் 14 காரணிகளைச் சொன்னது. அவற்றைச் சரிசெய்தால் உலகில் 45 சதவீதம் அளவுக்கு இந்நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியுமாம். சிறுவயதுக் கல்வியின்மை, காது கேளாமை, பார்வைக் குறை, ரத்த அழுத்தம், சர்க்கரை, மாசுபட்ட காற்று, மனச்சோர்வு, தனிமை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இதைச் சேரிப் பெண் ஒருத்தியின் வாழ்க்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் தோழர்களே. பள்ளிக்கூடம் போகவேண்டிய வயசில் மாட்டுத் தொழுவம். கல் குவாரியில் வெடிச்சத்தம். வீட்டில் விறகடுப்புப் புகை. பிரஷர் இருக்கிறதா என்று யாரும் கை பிடித்துப் பார்த்ததில்லை. என் அப்பாயிக்கு இன்ன காரணத்தால்தான் வந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. ஆனால் இத்தனை காரணங்களையும் ஒரே உடம்பின்மேல் கொண்டுபோய்ச் சுமத்தியது எது? அதற்குப் பெயர் விதியில்லை, சாதி.

மருத்துவமனையில் அப்பாயிக்குச் சோதனை வைத்தார்கள். 1975இல் அமெரிக்காவில் உண்டாக்கியது. இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, ஒரு வாக்கியம் எழுது. அப்பாயி பேப்பரை வாங்கித் தன் பேரை எழுதியது. "வாக்கியமா எழுதணும்மா" என்றார்கள். அந்தப் பேரை எழுதப் பட்ட பாடு அவர்களுக்குத் தெரியாது. எழுத்தை நமக்கு மறுத்தவர்கள், எழுத்தைக் கொண்டே நம் மூளையை அளக்கிறார்கள். 1990களிலேயே ஹரியானாவின் வல்லப்கரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக இந்தியில் தனிச் சோதனை உருவாக்கினார்கள். வேறு விதமாகவும் அளக்கலாம் என்பது தெரிந்த விசயம்தான்.

எழுத்தில்லாதவள் மூளையற்றவள் என்று இதற்குப் பொருள் எடுக்கக்கூடாது. ஐதராபாத்தில் 648 நோயாளிகளைப் பார்த்த ஆய்வு 2013இல் வந்தது. ஒரு மொழி பேசியவர்களைவிட இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் நாலரை வருசம் தள்ளி வந்திருக்கிறது. கைநாட்டுக்காரர்களுக்கும் அப்படியே. மூளைக்கு வேலை கொடுக்கப் பல வழி உண்டு. எத்தனை முடி நாற்று, எத்தனை ஆள், எவ்வளவு கூலி பாக்கி என்று வாய்க்கணக்காய் வைத்திருந்தது அப்பாயி. அந்த அறிவை யாரும் அறிவென்று எண்ணவில்லை.

அப்பாயி பேர் எழுதக் கற்றது 1991இல் தொடங்கிய புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில். ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் விட்டார்கள். கல்லுடைக்கும் பெண்கள் குவாரியைக் குத்தகைக்கு எடுத்தார்கள். எங்க அம்மாவும் சைக்கிள் கற்றது அப்போதுதான். எழுத்து, உடம்புக்கு வேலை, நாலு பேரோடு கூட்டம்: மருத்துவர்கள் இன்று மூளைக்கு நல்லது என்று சொல்கிற மூன்றும் அந்தச் சாயங்காலங்களில் இருந்தன. இயக்கம் அடங்கியது. சாயங்காலங்கள் திரும்பவும் அடுப்படிக்குப் போயின.

இப்போது நமக்குள் ஒரு கேள்வி. ஏப்ரல் 14 கூட்டத்தில் "வரலாற்றை மறக்காதே" என்று நான் மைக்கில் முழங்கினேன். அந்த நேரம் அம்மா, அப்பாயியின் சேலையை அலசிக்கொண்டிருந்தது. அறுபது வயசு அம்மா நாலு வருசமாக ஒரு கல்யாணம், ஒரு சாவுக்குப் போனதில்லை. டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறது. தனிமை, காது: அதே பட்டியல். நினைவுதான் நம் ஆயுதம் என்கிறோம். அந்த நினைவை இழந்தவளைச் சுமப்பது மட்டும் பொம்பளை வேலையா? ஆதிக்கச் சாதி நமக்குச் செய்ததை நாம் வீட்டுக்குள் அம்மாவுக்குச் செய்கிறோம்.

மருத்துவ முகாம் கேட்பதும், நம் மொழியில் சோதனை கேட்பதும், கேட்புக் கருவி கேட்பதும் போராட்டம்தான். மாலைப் பள்ளியில் பிள்ளைகளோடு கிழவிகளையும் உட்காரவைப்பது இயக்கம்தான். அதற்கு முன்னால் வீட்டில் முறை போடவேண்டும். இப்போது ஞாயிறும் புதனும் அப்பாயி என் பொறுப்பு. அம்மாவைக் காது பார்க்கக் கூட்டிப்போனேன்.

நேற்று ரோட்டில் அப்பாயி மறுபடியும் செருப்பைக் கழற்றியது. குனிந்து மாட்டிவிட்டேன். நாளைக்கும் கழற்றும். நாளைக்கும் மாட்டிவிட வேண்டும்.